பனிக்கரடி வேண்டாம், தென்னையில் தொடங்குங்கள்

டெல்டா பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். காலநிலை மாற்றப் பாடத்தைப் பனிக்கரடியில் தொடங்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்ததே, அன்றைக்கு நம்ம தென்னைகள் என்ன ஆயின என்று வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். கதையோடு வருவார்கள். அப்புறம் கடல்நீர் சூடானால் புயலுக்கு வலு கூடும் என்று சொன்னால் சுலபமாகப் புரியும். ஒரே ஒரு புயலை வைத்துக் காலநிலையைச் சொல்லிவிட முடியாது, 30 வருஷச் சராசரியைப் பார்க்கணும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

"எங்க ஊரும் முழுகிடுமா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். பயமுறுத்தவும் வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பற்றிப் பேசுங்கள். அந்த வேர்கள் அலையின் வேகத்தைக் குறைக்கின்றன, அந்தச் சேறு கார்பனைப் பிடித்து வைக்கிறது. முடிந்தால் ஒருநாள் நேரிலேயே கூட்டிப்போங்கள்.