குழப்பம் ஒண்ணுமில்ல

“வேறெ குழப்பம் எந்தெங்கிலும் உண்டோ?” என்று டாக்டர் கேட்டார்.

“குழப்பமெல்லாம் இல்ல சார், தெளிவாத்தான் இருக்கேன்” என்றாள் அவள். அவர் தலையாட்டிவிட்டு அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

மலையாளத்தில் குழப்பம் என்றால் தொந்தரவு. கம்பத்திலிருந்து கட்டிக்கொடுத்து, கேரளத்து வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்து வருஷம் திரும்பாத பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். துணைக்குப் போன நர்ஸாக அவள் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

முந்தின வாரம்தான் அவள் மாமியார் டிஸ்பென்சரிக்கு வந்து சொன்னார்: “வலிப்பு நின்னுருச்சு சிஸ்டர். ஆனா புள்ள ஆளே மாறிப்போச்சு. எடுத்ததுக்கெல்லாம் எரிஞ்சு விழுறா, இல்லாட்டி செவத்தப் பாத்து அழுறா.” லெவெட்டிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரையின் அளவைக் கூட்டிய பிறகு வந்த மாற்றம். அந்த மருந்து சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் கொடுக்கும் என்பது நான் அறியாததல்ல.

வெளியே வரிசை நீளம், அதனால்தான் பேசவில்லை என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பயம். சொன்னால் மருந்தைக் குறைப்பார்கள், குறைத்தால் மறுபடி அடுப்படியில் விழுவாள். முன்பு ஒரு தொழிலாளி மாத்திரையைத் தானாக நிறுத்தி, நினைவு திரும்பாமல் வலிப்புக்கு மேல் வலிப்பாக வந்து, ஜீப்பில் என் மடியில் தலைவைத்தபடி மலையிறங்கினார். அதைப் பார்த்தவளுக்கு வலிப்பு நிற்பது ஒன்றே பெரிதாகத் தெரியும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்துக்கு மாற்றலாம் என்றால், பிள்ளை பெறும் வயசுப் பெண். வயிற்றுக் கருவைக் கெடுக்கும் மருந்து அது. இப்படி எல்லாம் யோசித்துத்தான் வாயை மூடினேன். ஆனால் அதையெல்லாம் எடைபோட வேண்டியவர் டாக்டர். அவரோடு அவள். நான் அல்ல.

மருந்தே இல்லாவிட்டாலும் வலிப்பு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு சாதாரணமாக வருவதுதான். புது வீடு, புரியாத பாஷை, ‘காக்கா வலிப்புக்காரி’ என்ற பேச்சு. எது எதனால் என்று யார் பிரிப்பது? இதைச் சொல்லியும் மனசைத் தேற்றிப் பார்த்தேன். பிரிக்க முடியாதென்றால் இன்னும் அவசரமாகச் சொல்லியிருக்க வேண்டாமா?

2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, லெவெட்டிராசெட்டத்தையும் சேர்த்து 11 வலிப்பு மருந்துகள் பற்றிய 199 ஆய்வுகளைத் தொகுத்து எச்சரித்தது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்தவர்களில் 0.43 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 0.22. ஆயிரத்தில் இரண்டு பேர்தான் கூடுதல். அந்த இருவரில் ஒருத்தி இவளாக இருந்திருந்தால் என்று நினைக்கும்போது கை குளிர்ந்துவிடுகிறது.

இரண்டு வாரம் கழித்து அவளே தனியாக வந்தாள். “வலிப்புல விழுந்தா எந்திரிச்சிருவேன் சிஸ்டர். இப்ப விழாமலே எந்திரிக்க முடியல.” உயிரை விடத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டேன். ரெண்டு தடவை தோன்றியதாம். அவளை உட்காரவைத்துக்கொண்டே டாக்டருக்குப் போன் போட்டேன். அன்றைக்கே அவரிடம் கூட்டிப்போனோம். லாமோட்ரிஜின் என்ற வேறொரு வலிப்பு மருந்துக்கு மாற்றினார். தோலில் தடிப்பு வராமலிருக்க அதை வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு வலிப்பு வந்தது. அடுப்படியில்தான். முழங்கை வரை தீக்காயம்.

மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் மாமியார் அந்தக் கையைப் பிடித்துத் தழும்பைக் காட்டுவார். “பழைய மாத்திரையே இருந்திருக்கலாம் சிஸ்டர்” என்பார். அவள் ஒன்றும் சொல்வதில்லை. கையை உருவி முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.