சிமுலேஷன் ஜிட்டரும் லேப் ஜிட்டரும்

பிஎல்எல் (அலைவெண்ணைப் பூட்டி நிறுத்தும் சர்க்யூட்) ஒன்றின் 100 மெகாஹெர்ட்ஸ் வெளியீட்டுக்கு ஜிட்டர், அதாவது அலையின் விளிம்புகள் நேரத்தில் முன்னும் பின்னும் ஆடும் அளவு, கணக்கிட வேண்டியிருந்தது. லேபில் ஃபேஸ் நாய்ஸ் அனலைசர் (அந்த ஆட்டத்தை அலைவெண் வாரியாக இரைச்சலாக அளக்கும் கருவி) காட்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது சிமுலேஷனில். இத்தனைக்கும் இரண்டின் ஃபேஸ் நாய்ஸ் வரைபடங்களும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. அப்படியானால் சர்க்யூட்டில் பிழையில்லை, கணக்கில்தான் எங்கோ இடிக்கிறது.

சூத்திரம் சின்னதுதான். டெசிபலில் இருக்கும் ஃபேஸ் நாய்ஸைச் சாதாரண எண்ணாக்கி, வேண்டிய அலைவரிசைக்குள் இன்டகிரேட் செய்து, 2-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் ரேடியன். அதை 2π × கேரியர் (அதாவது வெளியீட்டு அலையின்) அலைவெண்ணால் வகுத்தால் வினாடி. 20 மெகாஹெர்ட்ஸ் வரை தட்டையாக −150 டிபிசி/ஹெர்ட்ஸ் (கேரியரோடு ஒப்பிட்ட டெசிபல், ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு) என்று வைத்துக் கையால் போட்டுப் பார்த்தேன்: 0.0002 ரேடியன், அதாவது சுமார் 318 ஃபெம்டோ வினாடி. நடுவில் வரும் அந்த 2, கேரியரின் ஒரு பக்கப் பட்டையை மட்டும் எடுப்பதால் சேர்வது. சிமுலேட்டர் ஏற்கெனவே இரண்டு பக்கத்தையும் கூட்டித் தந்திருந்தால் மறுபடி பெருக்கக் கூடாது. பெருக்கினால் ஜிட்டர் 1.41 மடங்காகிவிடும். இங்கே அது ஒழுங்காகவே இருந்தது. எல்லைகளும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்: 12 கிலோஹெர்ட்ஸ் முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை. ஓசி-48 சோனெட் (ஒளியிழைத் தொலைத்தொடர்புத் தரம்) காலத்து வழக்கம், இன்னும் விட்டபாடில்லை.

சிக்கல் புள்ளிகளில் இருந்தது. சிமுலேஷனிலிருந்து எடுத்த அட்டவணையில் டெக்கேடுக்கு (அலைவெண் பத்து மடங்காகும் இடைவெளிக்கு) ஒரே புள்ளி. ஸ்கிரிப்ட் அவற்றை, லாக் அளவில் அல்லாமல் சாதாரண அளவில், நேர்கோட்டால் இணைத்துப் பரப்பளவு கண்டது. டெக்கேடுக்கு 20 டெசிபல் இறங்கும் சரிவில் இது பெரிய அநியாயம். லாக் வரைபடத்தில் நேர்கோடாகத் தெரிவது உண்மையில் செங்குத்தாக விழும் வளைவு. ஒரு டெக்கேடில் அந்தப் பரப்பளவு 5 மடங்கு கூடிப்போகிறது, ஜிட்டர் 2.2 மடங்கு. லாக்-லாக் இடைக்கணிப்புக்கு (இரண்டு அச்சும் லாக் அளவில் இருக்கப் புள்ளிகளை இணைப்பது) மாற்றியதும் எண் இறங்கியது.

அப்புறம் பார்த்தால் லேப் எண் கொஞ்சம் கூடுதல்! பவர் சப்ளையிலிருந்து ஏறிய ஒரு ஸ்பர்தான் (ஒரே அலைவெண்ணில் நிற்கும் வேண்டாத கூர்முனை) காரணம். சிமுலேஷனில் சப்ளை சுத்தமானது அல்லவா. ஸ்பரை இரைச்சல் அடர்த்தியோடு சேர்த்து இன்டகிரேட் செய்யாமல் தனியே கணக்கிட வேண்டும். −80 டிபிசி ஸ்பர் ஒன்று 100 மெகாஹெர்ட்ஸில் 225 ஃபெம்டோ வினாடி. மீதி ஜிட்டரோடு வர்க்கங்களாகத்தான் கூட்டணும்.

இதற்கிடையில், ஆசிலோஸ்கோப்பின் பீரியட் ஜிட்டரோடு (ஒவ்வொரு சுழற்சியின் நீளத்திலும் வரும் மாறுபாடு) ஏன் ஒப்பிடவில்லை என்ற கேள்வி வந்தது. அது வேறு சமாச்சாரம். மெதுவான அலைவில் அடுத்தடுத்த விளிம்புகள் சேர்ந்தே நகர்வதால் பீரியடில் அது தெரியவே தெரியாது.

கடைசியாக, வெளியீட்டின் அலைவெண்ணை ஒரு டிவைடரால் 2-ஆல் வகுத்து அளந்தேன். கேரியருக்கு அருகில் ஃபேஸ் நாய்ஸ் 6 டெசிபல் இறங்கியது. அந்தப் பகுதியின் ஜிட்டர் வினாடிக் கணக்கில் அப்படியே நின்றது. கேரியரிலிருந்து தூரத்தில் உள்ள இரைச்சல் தரைமட்டம் மட்டும் இறங்கவில்லை. அது டிவைடரின் சொந்த இரைச்சல்.