திருச்செங்கோட்டுக் காத்து

நேத்து சாயங்காலம் அமிச்சி ஆசாரத்துல உக்காந்து கடலக்கா உரிச்சிட்டிருந்தாங்க. ஆடிக் காத்துக்குத் தோலெல்லாம் முறத்தை விட்டுப் பறந்து வாசல் பூரா கிடக்குது. நான் போன்ல கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா பாட்டு போட்டேன். ஐம்பூதங்களைப் பத்தி எழுத்தாளர் பெருமாள்முருகன் எழுதின கீர்த்தனைகள்.

"ஆரு கண்ணு பாடறது? சாமி பாட்டா?"

"இல்லீங் அமிச்சி, காத்தப் பத்தின பாட்டு. எழுதுனவரு நம்ம திருச்செங்கோட்டுக்காரருங்."

உரிச்சிட்டிருந்த கை அப்படியே நின்னுடுச்சு.

பெரிய வித்வான் செம்மங்குடி சீனிவாச ஐயர்கிட்ட பாடம் கேட்டவர் கிருஷ்ணா. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரின்னு சங்கீத மும்மூர்த்திகளோட பாட்டை மட்டும் பாடியே வாழ்நாள் முழுக்கப் பேரோட இருந்திருக்கலாம். 2015-ல சென்னை டிசம்பர் கச்சேரி சீசன்ல இனிப் பாடமாட்டேன்னாரு. 2017-ல எண்ணூர்க் கழிமுகத்துக்காகக் கபேர் வாசுகி எழுதின பொறம்போக்குப் பாட்டைக் கர்நாடக ராகங்கள்ல பாடினாரு. வசவாப் போன ஒரு சொல்லை ராகத்துல நிறுத்தி நிதானமா இழுத்துப் பாடும்போது அதுக்கு ஒரு மரியாதை வந்துடுது. எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்துல எனக்குச் சிலிர்க்கும்.

2016-ல மகசேசே விருது, 2024-ல மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி விருது. சந்தோஷம்தான். ஆனா எனக்குப் பெருசு வேற. 'மாதொருபாகன்' நாவலுக்கு வந்த எதிர்ப்புல, 2015 ஜனவரியில "எழுத்தாளன் செத்துட்டான்"னு அறிவிச்சுட்டுப் பேனாவைக் கீழ வெச்ச எங்க ஊரு மனுசனோட சொல்லு, இன்னைக்கு ஆலாபனையோட கச்சேரி மேடை ஏறுது. உயிரோட இருக்கிறவங்க எழுதறதும் கீர்த்தனைதான்னு ஒரு பாடகர் பாடியே காட்டிட்டாரு.

பாட்டு முடிஞ்சதும் அமிச்சி முறத்தை மடியிலிருந்து இறக்கி வெச்சாங்க.

"இன்னொருக்கா போடு சாமி. காத்துச் சத்தத்துல பாதி கேக்கல."