ஒரே வயல், இரண்டு நாடுகள்: மத்திய கிழக்கின் இயற்கை வாயு வினாவுக்கு நான் ஆயத்தமான விதம்

வெளிவாரிப் பட்டப் படிப்பில் வளப் புவியியல் சோதனைக்கு முதல் தடவை தோற்றியபோது, மத்திய கிழக்கின் பிரதான இயற்கை வாயு வயல்களையும் அவற்றின் உற்பத்தியையும் ஆராயுமாறு கேட்ட வினாவைக் கண்டதும் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. வயல்களின் பெயர்களையும் அவற்றுக்கு எதிரே இலக்கங்களையும் இரண்டு மாதங்களாக மனனம் செய்து வைத்திருந்தேன். ஏழு பக்கம் எழுதினேன். பெறுபேறு வந்தபோது 34 புள்ளிகள். அடுத்த ஆண்டு அதே பாடத்தை மீள எழுதி 67 புள்ளிகள் பெற்றேன். இடைப்பட்ட காலத்தில் நான் கூடுதலாகப் படித்த வயல்கள் மிகச் சிலவே. படித்த விதத்தைத்தான் மாற்றிக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் இருந்தபடி தனியாக, அல்லது ரியூசன் குறிப்பை மட்டும் நம்பி இப்பாடத்தைப் படிப்பவர்களுக்கு உதவும் என்பதால் அதை எழுதுகிறேன்.

முதல் விடைத்தாளில் நான் செய்த தவறுகளுள் மிக வெட்கத்துக்குரியது, சமையலறைச் சிலிண்டரில் வரும் வாயுவையும் கட்டாரில் எடுக்கும் வாயுவையும் ஒன்றென எழுதியதாகும். 2022 இல் வெற்றுச் சிலிண்டரை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் வரிசையில் நின்ற அனுபவம் என்னிடம் இருந்தது. அதையே ஆதாரமாக வைத்து, 'இலங்கை மத்திய கிழக்கின் இயற்கை வாயுவில் தங்கியுள்ளது' என்று ஒரு பந்தி முழுவதும் எழுதிவிட்டேன். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூற்றேனும் கலந்த திரவப் பெற்றோலிய வாயு. அது சாதாரண வெப்பநிலையிலேயே அமுக்கத்தால் திரவமாகிவிடும். இயற்கை வாயுவின் பெரும்பகுதி மெதேன். அதை எவ்வளவு அமுக்கினாலும் சாதாரண வெப்பநிலையில் திரவமாக்க முடியாது, ஏறத்தாழ -162 பாகை செல்சியசுக்குக் குளிர்விக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டில்தான் கட்டாரின் பொருளாதாரமே நிற்கிறது என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

இரண்டாவது தடவை நான் வயல்களின் பெயரிலிருந்து தொடங்காமல் பாறையிலிருந்து தொடங்கினேன். எங்கள் வளவில் கிணறு ஆழமாக்கியபோது வெட்டி எடுத்துக் குவித்த சுண்ணாம்புக்கல் இன்னும் வேலியோரம் கிடக்கிறது. அதில் ஒரு துண்டை எடுத்து மேலே ஒரு குவளை தண்ணீரை மெல்ல ஊற்றினேன். தண்ணீர் வழிந்தோடாமல் கல்லுக்குள் இறங்கியது. குடாநாட்டின் நன்னீரில் பெரும்பகுதி இவ்வாறுதான், கல்லின் துளைகளிலும் வெடிப்புகளிலும் தங்கியிருக்கிறது. பாரசீகக் குடாவின் அடியில் வாயு இருப்பதும் இதே விதத்தில்தான். நிலத்தின் கீழே வாயு நிரம்பிய பெரிய குகையொன்று இருக்கிறது என்றே நான் அதுவரை கற்பனை செய்திருந்தேன். பல மாணவர்கள் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் வாயுவைத் தன் துளைகளில் வைத்திருக்கும் அங்குள்ள தேக்கப் பாறை, பேர்மியன், திராயசிக் காலங்களில் (ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன்) ஆழமற்ற கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்லும் டொலமைற்றும் ஆகும். கட்டார்ப் பக்கத்தில் அதற்குக் கூஃப் படை என்று பெயர். ஈரான் பக்கத்தில் கங்கான், தாலான் என்ற இரு பெயர்களால் அழைக்கிறார்கள். அதற்கும் கீழே, அதைவிட மிகப் பழைய சிலூரியன் காலத்துக் களிப்பாறையில் வாயு உருவாகி மேலெழுந்து இத்துளைகளில் நிறைந்தது. மேலே அன்ஹைட்ரைட்டு என்ற இறுக்கமான கனிமமும் களிப்பாறையும் சேர்ந்த மூடு பாறை அதை வெளியேற விடாமல் தடுத்தது. அடுக்குகள் யாவும் கட்டார் வளைவு எனப்படும் பரந்த, மென்மையான மேல்வளைவாக உயர்ந்திருப்பதால் வாயு அந்த உச்சியில் வந்து சேர்ந்தது.

மூலப் பாறை (வாயு உருவாகும் பாறை), தேக்கப் பாறை, மூடு பாறை, பொறி (வாயு வந்து சேரும் மேல்வளைவு போன்ற அமைப்பு) ஆகிய நான்கையும் இந்த ஒழுங்கில் ஒரு பந்தியில் சொல்லிவிட்டால், பின்னர் வரும் ஒவ்வொரு வயலையும் அதன்மீது வைத்துப் பேசலாம். நம்முடைய சுண்ணாம்புக்கல்லுக்கு மூடு பாறை இல்லை. ஆகவே மழை உள்ளே இறங்குகிறது, நாம் தண்ணீர் குடிக்கிறோம். இதை விடைத்தாளில் எழுதத் தேவையில்லை. ஆனால் மனதில் வைத்திருந்தால் மறக்காது.

அடுத்து நான் நேரம் செலவிட்டது ஒரே ஒரு வயலில். தயவுசெய்து பதினைந்து வயல்களை மேலோட்டமாகப் படிப்பதை விட்டு இந்த ஒன்றை ஆழமாகப் படியுங்கள். கட்டாருக்கு வடகிழக்கே, கடலடியில், ஏறத்தாழ 9,700 சதுர கிலோமீற்றர் பரப்பில் கிடக்கும் உலகின் மிகப் பெரிய இயற்கை வாயு வயல் இது. கட்டார் இதை வடக்கு வயல் என்கிறது. ஈரான் தென் பார்ஸ் என்கிறது. என்னிடம் இருந்த ரியூசன் குறிப்பில் இவை இரண்டும் தனித்தனி வயல்களாக இரு வரிகளில் இருந்தன. நானும் அப்படியே ஒப்புவித்தேன். பரப்பில் ஏறத்தாழ 6,000 சதுர கிலோமீற்றர் கட்டாருக்கும் 3,700 சதுர கிலோமீற்றர் ஈரானுக்கும் உரியவை. இரு நாடுகளும் தம் கண்டமேடை எல்லையை 1969 இல் உடன்படிக்கையாக எழுதிக்கொண்டன. கட்டார்ப் பக்கத்தில் வாயு கண்டறியப்பட்டது 1971 இல்தான். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே இருவரும் கோட்டைக் கீறிவிட்டார்கள். ஈரான் தன் பக்கத்தைக் கண்டறிந்தது 1990 இல். அயல் வளவுக்காரர் இருவருக்கு இடையே பொதுக் கிணறு இருந்தால் என்ன நடக்கும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாறையின் துளைகளுக்கு எல்லைக்கோடு தெரியாது. அமுக்கம் குறைந்த பக்கத்தை நோக்கி வாயு மெல்ல நகரும். கட்டார் 1991 இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஈரான் 2002 இல் தொடங்கியது.

வளம் ஒன்று, பாறை ஒன்று, ஆனால் இரு நாடுகளின் கதை முற்றிலும் வேறு. வினாவில் 'ஆராய்க' என்ற சொல் கேட்பது இந்த வேறுபாட்டைத்தான் என்பது என் கருத்து.

கட்டாரின் உள்நாட்டுத் தேவை மிகச் சிறியது; பெரிய சந்தைகளோ ஜப்பான், கொரியா, சீனா, இந்தியா எனக் கடல் கடந்து கிடந்தன. ஆகவே குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் அனுப்புவதே அதற்கு வழியாயிற்று. ராஸ் லஃபான் துறைமுகத்திலிருந்து முதற் கப்பல் 1996 இன் இறுதியில் ஜப்பானுக்குப் புறப்பட்டது. 2005 இல் வயலின் நிலையை ஆராய்வதற்காகப் புதிய அபிவிருத்தித் திட்டங்களைக் கட்டார் இடைநிறுத்தியது. ஏற்கெனவே தொடங்கியவை தொடர்ந்ததால் 2010 இன் முடிவில் ஆண்டுக்கு 77 மில்லியன் தொன் என்ற திரவமாக்கும் கொள்ளளவை எட்டியது. 2017 இல் இடைநிறுத்தம் நீக்கப்பட்டது. 2024 இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, 2030 க்குள் இதை 142 மில்லியன் தொன் ஆக்குவதே இலக்கு.

ராஸ் லஃபானில் பல வருடம் குழாய் பொருத்துநராக வேலை செய்த சித்தப்பா விடுமுறையில் வந்திருந்தபோது, முற்றத்தில் இருந்து இதைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, பேர்தான் வாயு. கப்பலுக்கை கிடக்கிறது தண்ணி மாதிரித்தான். குளிர்தான் அதைப் பிடிச்சு வைச்சிருக்கு, குளிர் விட்டா எல்லாம் விட்டுப்போம்" என்றார். திரவமாகும்போது கனவளவு அறுநூறில் ஒரு பங்காகிறது என்று நூல்கள் சொல்வதன் பொருள் அவருடைய பேச்சில்தான் எனக்குப் பிடிபட்டது. வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினர் இல்லாத வீடு நம்மிடையே குறைவு. அவர்கள் எந்த ஆலையில், எந்தத் துறைமுகத்தில் வேலை செய்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஈரானின் நிலை வேறு. தென் பார்ஸை 24 கட்டங்களாகப் பிரித்து அபிவிருத்தி செய்த ஈரான், கரையில் அசலுயேயில் வாயுவைச் சுத்திகரித்து நாட்டுக்குள்ளேயே அனுப்புகிறது. பெரிய சனத்தொகை, குளிர்காலச் சூடாக்கல், மின் உற்பத்தி, பெற்றோலிய இரசாயனக் கைத்தொழில், பழைய எண்ணெய் வயல்களில் அமுக்கத்தைக் கூட்ட மீண்டும் உட்செலுத்தல் ஆகியவற்றோடு, மலிவான உள்நாட்டு விலையும் சேர்ந்து எடுத்ததில் பெரும்பகுதியை உட்கொண்டுவிடுகிறது. திரவமாக்கும் தொழினுட்பமும் முதலீடும் பொருளாதாரத் தடைகளால் கிடைக்கவில்லை. 11 ஆம் கட்டத்துக்கு 2017 இல் ஒப்பமிட்ட பிரெஞ்சு நிறுவனமான டோட்டல், அமெரிக்கத் தடைகள் மீள வந்ததும் 2018 இல் விலகியது. ஆகவே ஈரானின் ஏற்றுமதி துருக்கி, ஈராக் போன்ற அயல்நாடுகளுக்குக் குழாய் வழியே செல்வதோடு நின்றது.

இதிலிருந்துதான் நான் மூன்று நிரல்கள் கொண்ட ஓர் அட்டவணையைக் கொப்பியின் பின்னட்டையில் வரைந்தேன்: இருப்பு, உற்பத்தி, ஏற்றுமதி. முன்னர் இம்மூன்றையும் ஒரே பொருளில் கலந்து எழுதியிருந்தேன். 2020 ஆம் ஆண்டின் இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன், ஏனெனில் வெவ்வேறு ஆண்டுகளின் இலக்கங்களைக் கலந்தால் ஒப்பீடே கெட்டுவிடும். உறுதிப்படுத்தப்பட்ட இருப்பில் ரஷ்யாவுக்கு அடுத்து ஈரான் ஏறத்தாழ 32 திரில்லியன் கன மீற்றருடனும், கட்டார் ஏறத்தாழ 25 திரில்லியன் கன மீற்றருடனும் நிற்கின்றன. உற்பத்தியில் ஈரான் 250 பில்லியன், கட்டார் 171 பில்லியன் கன மீற்றர். ஆனால் ஈரான் அதே ஆண்டில் தானே ஏறத்தாழ 233 பில்லியனை நுகர்ந்தது. கட்டாரோ கப்பல் மூலம் மட்டுமே 106 பில்லியன் கன மீற்றர் அனுப்பியது. உலக இருப்பில் மத்திய கிழக்கின் பங்கு ஏறத்தாழ 40 வீதம்; உற்பத்தியில் 18 வீதம் மட்டுமே. எஞ்சிய விடையை இந்த இரு வீதங்களுக்கு இடையேயுள்ள இடைவெளியை விளக்குவதாக எழுதினால், விடை தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

அலகுகள் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 35.3 கன அடி. என் பழைய குறிப்பில் ஒரு வயலுக்குக் கன அடியும் மற்றதற்குக் கன மீற்றரும் இருந்ததைக் கவனிக்காமல், எகிப்தின் சோர் வயல் கட்டாரின் முழு இருப்பையும் விடப் பெரியது என்று நான் எழுதியிருந்தேன்! அந்த வயலுக்குச் சொல்லப்படும் 30 திரில்லியன் என்பது கன அடி. கன மீற்றரில் அது ஒரு திரில்லியனைக்கூட எட்டாது. திரவ இயற்கை வாயுவைத் தொன்னில் சொல்வார்கள். ஒரு மில்லியன் தொன், வாயு நிலையில் ஏறத்தாழ 1.36 பில்லியன் கன மீற்றர்.

மற்ற நாடுகளுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும். சவூதி அரேபியாவின் வாயுவில் பெரும்பகுதி நீண்டகாலம் கவார் போன்ற எண்ணெய் வயல்களில் எண்ணெயோடு சேர்ந்தே வந்தது. முன்னர் வீணே எரித்துவிட்டதை 1970 களில் தொடங்கிய பெரும் வலையமைப்பால் சேகரித்து உள்நாட்டில் பயன்படுத்துகிறார்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தின் தாஸ் தீவிலிருந்து 1977 இலேயே திரவ இயற்கை வாயு ஜப்பானுக்குச் சென்றது. ஆயினும் 2007 முதல் அந்நாடே டொல்பின் குழாய் வழியே கட்டாரின் வாயுவைப் பெறுகிறது. அபுதாபியின் ஷா வயலில் நச்சான ஐதரசன் சல்பைட்டு மிக அதிகம் என்பதால் சுத்திகரிப்புச் செலவும் அதிகம். ஓமான் 2000 முதல் கல்ஹாத்திலிருந்து ஏற்றுமதி செய்கிறது. அதன் துறைமுகம் ஹோர்முஸ் நீரிணைக்கு வெளியே இருப்பதைக் குறிப்பிட்டால் நல்லது, ஏனெனில் 2024 இல் உலகத் திரவ இயற்கை வாயு வணிகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒடுங்கிய வழியையே நம்பியிருந்தது. கிழக்கு மத்தியதரைக் கடலில் இஸ்ரேலின் தமார் 2009 இலும் லெவயதான் 2010 இலும் எகிப்தின் சோர் 2015 இலும் கண்டறியப்பட்டன. பல புள்ளிவிபரங்கள் எகிப்தை ஆபிரிக்காவில் சேர்ப்பதால், சோர் வயலை எழுதும் முன் உங்கள் பிரதேச எல்லையை முதல் பந்தியிலேயே வரையறுத்துக்கொள்ளுங்கள்.

மீள எழுதிய நாளில், வாசிப்பதற்குத் தந்த நேரத்தில் நான் மனதுக்குள் வரைந்தது படத்தைத்தான். பாரசீகக் குடாவின் தென்கரையிலிருந்து வடக்கே நீட்டிய பெருவிரல் போலக் கட்டார்; விரலின் நுனிக்கு வடகிழக்கே முட்டை வடிவில் வயல்; அதைக் குறுக்கே வெட்டும் எல்லைக்கோடு; மேலே அசலுயே, கீழே ராஸ் லஃபான்; கிழக்கே குடா ஒடுங்கும் இடத்தில் ஹோர்முஸ். எட்டு நிமிடத்தில் இதைப் பென்சிலால் வரைந்து பெயரிடலாம். முதல் வாரம் எனக்கு இருபது நிமிடம் பிடித்தது, தினமும் இரவில் ஒன்று வரைந்து பழகினேன். மன்னார்ப் படுக்கையில் 2011 இல் வாயு கண்டறியப்பட்டதை எழுதக் கை துடித்தது. வினா அதைக் கேட்கவில்லை, விட்டுவிட்டேன். மிச்சமான பத்து நிமிடத்தில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் அலகு இருக்கிறதா என்று மேலிருந்து கீழே பார்த்தேன். இரண்டு இடங்களில் இல்லை.