காசு குடுத்து வேர்த்த கதை

"இந்த வெயில் சும்மா கிடக்க, காசு குடுத்தா வேர்க்கப் போறாய் மனே?" எண்டு அம்மா அப்பவே கேட்டா.

நோர்வேயில இருந்து வந்த மச்சான்தான் பாசிக்குடாவில ஒரு ஹோட்டல் சோனாவுக்கு, அதான் வேர்க்கிறதுக்கெண்டே சூடாக்கி வச்ச அறைக்கு, இழுத்துக்கொண்டு போனான். உள்ள 80 பாகை செல்சியஸ் சூடு. காலையில ஒரு பிளேன்டீயோட போனது என்ர பிழை.

நம்மட ஊர் வெக்கையில சேட்டு முதுகோட ஒட்டும், வேர்க்குதெண்டு தெரியும். அங்க காய்ஞ்ச காத்து. வேர்வையில கொஞ்சம் தோலிலயே ஆவியாப் போயிடும், எவ்வளவு தண்ணி போச்செண்டு விளங்காது. தாகமும் பிந்தித்தான் வரும். 15 நிமிசத்தில ஒழும்பினன், கண் இருட்டிட்டு. சூட்டுக்கு ரத்தக்குழாய் விரிஞ்சு கிடக்கக்குள்ள சடாரெண்டு ஒழும்பினா பிரஷர் இறங்குமாம். கதவுக் கட்டையைப் பிடிச்சபடி குந்திட்டன்.

மறுகா தராசில ஏறிப் பார்த்தா, போகக்குள்ள 71.4 கிலோ, இப்ப 70.9. கொழுப்புக் கரைஞ்சதெண்டு சந்தோசப்பட ஏலாது, அது அரை லீற்றர் தண்ணி.

நீங்க போறதெண்டா, போக முதல் ரெண்டு கிளாஸ் தண்ணி குடியுங்க, இடையில வெளிய வந்து கொஞ்சம், முடிஞ்ச பிறகு மெல்ல மெல்ல மிச்சம். பியர் வேணவே வேணாம், அது இருக்கிற தண்ணியையும் வெளியேத்தும். பிரஷர், இருதய வருத்தக்காரர் டொக்டரைக் கேக்காமப் போகாதீங்க.

வாற வழியில ரெண்டு செவ்விளநீர் வெட்டிக் குடிச்சன். அதில பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அந்தக் குறைக்கு வீட்ட அம்மாட உப்புக் கஞ்சி இருந்திச்சு. ஊத்தித் தந்துபோட்டு ஒண்டும் கேக்கல்ல, சிரிச்சா.