மூன்று டெபியன்கள்

மார்ச் 3, செவ்வாய், நள்ளிரவு தாண்டி

பத்து மணிக்கு அப்டேட்களை ஏற்றிவிட்டு, டெபியன் (லினக்ஸ் வகை இயங்குதளம்) ஓடும் மூன்று சர்வர்களையும் ரீஸ்டார்ட் செய்தேன். நூலகத் தளம் மட்டும் எழவில்லை. எல்லாச் சர்வர்களின் குறிப்புகளும் வந்து சேரும் லாக் சர்வரைத் திறந்தால், கண்ணில் பட்ட முதல் வரியின் எண் ஏஎச்00558. சர்வரின் முழுப்பெயரை உறுதியாகக் கண்டறிய முடியவில்லை, 127.0.1.1 (தன்னையே குறிக்கும் முகவரி) என்று வைத்துக்கொள்கிறேன் என்கிறது தளத்தை வழங்கும் மென்பொருளான அப்பாச்சி. பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். கான்ஃபிக் கோப்பில் சர்வர்நேம் வரியைச் சேர்த்தேன். சோதனையில் பிழை இல்லை, அப்பாச்சியும் ஒழுங்காகத் தொடங்கியது. தளம் மட்டும் வரவில்லை.

அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. என் திரையில் மூன்று டெர்மினல்கள், மூன்றிலும் 'ரூட்@டெபியன்', அதாவது ஒரே பயனர், ஒரே சர்வர் பெயர். நான் திருத்திக்கொண்டிருந்தது நன்றாக ஓடிக்கொண்டிருந்த பக்கத்துச் சர்வரை.

சரியான சர்வரில் நுழைந்து லாக்கைக் கீழ்வரை படித்தேன். 558 வெறும் எச்சரிக்கை. அதனால் அப்பாச்சி நிற்காது. அடுத்த வரியில்தான் சங்கதி: (98) முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது, தளத்துக்கான வாசலான 80-ஆம் போர்ட்டைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் ஏஎச்00451, கேட்க ஒரு போர்ட்டும் இல்லை, மூடுகிறேன். எந்தப் போர்ட் யாரிடம் என்று காட்டும் எஸ்எஸ் கட்டளையில் பார்த்தால் 80-இல் உட்கார்ந்திருந்தது எஞ்சின்எக்ஸ், அப்பாச்சியைப் போலவே தளங்களை வழங்கும் இன்னொரு மென்பொருள். அதை நிறுத்தி, இனித் தானாகத் தொடங்காதபடி செய்தேன். தளம் வந்துவிட்டது. தூங்கப் போகிறேன்.

மார்ச் 4, புதன்

எஞ்சின்எக்ஸ் எப்படி வந்தது? போன மாதம் ஏதோ சோதனைக்காக நிறுவியவன் நானேதான். அன்று 80-இல் அப்பாச்சி இருந்ததால் அது தொடங்காமல் ஒதுங்கிக்கொண்டது. ஆனால் ரீஸ்டார்ட்டின்போது தானாகத் தொடங்க வேண்டியவற்றின் வரிசையில் டெபியன் அதைச் சேர்த்துவிட்டது. நேற்று 80-ஐப் பிடிக்க இரண்டும் ஓடின, எஞ்சின்எக்ஸ் முந்திக்கொண்டது. ஒரு மாதமாக யாரும் ரீஸ்டார்ட் செய்யாததால் வெடிக்காமல் கிடந்த வெடி.

புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் சொன்னேன். அவன் எஞ்சின்எக்ஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அண்ணா, மூன்றும் 'டெபியன்' என்றே எழுதினால், லாக்கில் பேசுவது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்றான். ஒரே வார்ப்பிலிருந்து, அதாவது ஒரே மாதிரிச் சர்வரிலிருந்து நகலெடுத்தவை, பெயரை மாற்றவே இல்லை என்று மென்று விழுங்கினேன்.

மாலையில் லாக் சர்வரில், குறிப்புகளை அனுப்பிப் பெறும் மென்பொருளான ஆர்சிஸ்லாக்கின் அமைப்பில் ஒரு மாற்றம் செய்தேன். இதுவரை பதிவானது செய்திக்குள் இருக்கும் பெயர் மட்டும், அதாவது அனுப்பும் சர்வர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் பெயர். இப்போது செய்தி எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தது என்பதும் பக்கத்திலேயே பதிவாகிறது. கடிதத்தில் அனுப்புநர் என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். உறை மேல் இருக்கும் அஞ்சல் முத்திரையைப் பார்க்க வேண்டாமா?

மார்ச் 6, வெள்ளி

பெயர்சூட்டு விழா. எழுத்து, எண், இடைக்கோடு மட்டும்தான் உண்டு, அடிக்கோடு கூடாது என்றதும் தம்பி தயாரித்த பட்டியலில் பாதி போயிற்று. ஆற்றுப் பெயர்களில் வந்து நின்றோம்: வைகை, நொய்யல், பாலாறு. கணினிக்குப் பெயர் வைக்க 1990-லேயே ஓர் ஆர்எஃப்சி (இணைய உலகின் வழிகாட்டு ஆவணம்) எழுதியிருக்கிறார்கள், எண் 1178. வேலையின் பெயரை வைக்காதே, ஒரு வகைப் பெயர்களாகத் தேர்ந்தெடு என்கிறது. தம்பிக்கு அதில் பரம திருப்தி.

ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளை கொடுத்தால் பெயர் மாறிவிடுகிறது. ஆனால் அடுத்த சூடோ (நிர்வாகி உரிமையில் இயக்கும்) கட்டளையிலேயே 'வைகை என்ற ஹோஸ்டைக் கண்டறிய முடியவில்லை' என்று முனகல். எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1-க்கு எதிரே இன்னும் டெபியன்தான் இருந்தது. மூன்றிலும் திருத்தினேன். லாக்கில் அப்போதும் பழைய பெயரே வந்தது. ஆர்சிஸ்லாக் தொடங்கும்போது வாங்கிய பெயரை வைத்துக்கொண்டிருக்கிறது. அதையும் ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் 'வைகை' வந்தது.

மார்ச் 9, திங்கள்

சோதித்துப் பார்க்க வைகையை ரீஸ்டார்ட் செய்தேன். பெயர் தங்கியிருந்தது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் மறுபடி டெபியன், சூடோவிடம் மறுபடி முனகல். கோப்பைத் திறந்து மேலிருந்து படித்தேன். முதல் வரிகளிலேயே எழுதியிருக்கிறது: இந்தக் கோப்பைக் கிளவுட்-இனிட் (சர்வர் தொடங்கும்போது அமைப்புகளை எழுதும் மென்பொருள்) நிர்வகிக்கிறது, மாற்றங்கள் நிலைக்க வேண்டுமானால் வார்ப்புக் கோப்பைத் திருத்து, இல்லையேல் இந்த அமைப்பை நீக்கு என்று. வெள்ளிக்கிழமை நேராக 127.0.1.1 வரிக்குத் தாவியவன் இதைக் கண்ணாலும் பார்க்கவில்லை. அமைப்பை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

மூன்றும் சொந்தப் பெயரில் எழுதுகின்றன. ஆனால் காலை ஆறு மணிக்கு மேல் லாக்கில் நான்கு வரிகள், அனுப்பியது டெபியன். பக்கத்தில் இருக்கும் ஐபி 47-இல் முடிகிறது. எங்கள் மூன்றில் எதற்கும் அந்த எண் இல்லை. அந்த வார்ப்பிலிருந்து நான்காவதாக ஒன்றை யாரோ நகலெடுத்திருக்கிறார்கள். தம்பி என்னைப் பார்த்தான். எஞ்சின்எக்ஸ் நினைவு வந்ததால் "நான் இல்லை" என்று உடனே சொல்ல முடியவில்லை.