பேதுருவின் வீட்டுக்கு மேலே ஒரு ஜெபம்

இஸ்ரேலில் கலிலேயாக் கடலோரம் கப்பர்நகூமில் இறங்கும் பயணிகள் பெரும்பாலும் வெள்ளைக்கல் யூத ஜெப ஆலயத்தில் படம் எடுத்துக்கொண்டு படகுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்குக் கொஞ்சம் தெற்கே இருக்கும் ஒரு பழைய வீடு. இயேசுவின் சீடரான பேதுரு வாழ்ந்ததாகச் சொல்லப்படும் வீடு.

1968-ல் பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்க சபைத் துறவிகள் இங்கே புதிதாக அகழாய்வைத் தொடங்கினார்கள். கிடைத்தது மாளிகை அல்ல. முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள், கறுப்பு எரிமலைக் கல்லை அடுக்கி எழுப்பிய சுவர்கள். அவை மரமும் மண்ணும் வேய்ந்த கூரையைத்தான் தாங்கும். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கினார்களே, அது நடந்த ஊர் இதுதான்! அந்தச் சுவர்களைப் பார்த்ததும் அதைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தின் 2-ஆம் அதிகாரம் கண்முன் வந்து நின்றது.

அதில் ஓர் அறைக்கு மட்டும் முதல் நூற்றாண்டிலேயே சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். அதன்மேல் திரும்பத் திரும்பப் பூசியிருக்கிறார்கள். அங்கே சமையல் பாத்திரங்கள் குறைந்து விளக்குகள் வருகின்றன. பூச்சில் யாத்திரிகர்கள் கிரேக்கத்திலும் சிரியாக்கிலும் கீறிய எழுத்துகள். மீனவர் குடும்பம் புழங்கிய அறை சபை கூடும் இடமாகிவிட்டது. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த எகேரியா என்ற பெண் யாத்திரிகரும், அப்போஸ்தலரின் வீடு ஆலயமாகியிருந்ததையும் பழைய சுவர்கள் அப்படியே நின்றதையும் சொல்லியிருக்கிறார். அப்புறம் 5-ஆம் நூற்றாண்டில் அதன்மேலேயே எண்கோண ஆலயம் எழுந்தது.

இப்போது அந்த இடிபாடுகளுக்கு மேலே, தூண்களில் நிற்கிற புது ஆலயம் இருக்கிறது. 1990-ல் பிரதிஷ்டை செய்தது. நடுவே, கீழே இருக்கும் வீட்டைப் பார்க்கக் கண்ணாடித் தரை. அதைச் சுற்றி உட்கார்ந்து அப்போஸ்தலர் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 16-ஆம் அதிகாரம் வாசித்தோம். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா, “அவர்களுடைய வீட்டிலே கூடிவருகிற சபை” என்ற இடம் வந்ததும் எனக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. பிலிப்பியில் லீதியாள், எருசலேமில் மாற்குவின் தாய் மரியாள், கொலோசெயில் பிலேமோன் என்று வீட்டைத் திறந்துவிட்டவர்களின் பெயர்களை வேதம் விடாமல் சொல்கிறது. அன்று அப்பம் பிட்குதல், அதாவது இயேசுவை நினைத்து அப்பம் பகிரும் கர்த்தருடைய பந்தி, சாப்பாட்டோடு சேர்ந்தே நடந்தது. அதனால்தான் கொரிந்து சபையில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடிவெறியில் இருந்ததைப் பவுல் அவ்வளவு கடிந்துகொண்டார். பந்தியில் ஏழை பட்டினி கிடந்தால் அது கர்த்தருடைய பந்தியே அல்ல என்பது அவர் வாதம். எனக்கு அதில் மறுபேச்சே இல்லை.

எங்கள் ஊர் வீட்டுக் கூட்டங்களில் பாய் விரித்து, காபி போட்டு, கடைசியில் வந்து கதவோரம் உட்காரும் அக்காமாரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அங்கே ஜெபித்தோம். அந்த ஜெபம்தான் எனக்கு இந்த யாத்திரையின் பெரிய ஆசீர்வாதம்.

போகிறவர்கள் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, இந்த இடத்துக்குக் கூடுதல் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே பூசை நடக்கும் நேரத்தில் கண்ணாடிப் பக்கம் போக முடியாது.